மருமகனின் புருவம்

என் அறுபது வருட வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வெளிநாடு போயிருக்கிறேன். சுற்றிப் பார்க்க இல்லை. ஓர் ஆளைக் கூட்டிவரப் போனேன். போன வருடம், தாய்லாந்தின் வடகிழக்கு மூலையில், காட்டுக்குள் இருக்கும் ஒரு மடத்துக்கு. அங்கே என் தங்கை மகன் சரவணன் பிக்குவாக இருந்தான். பாங்காக்கில் கார் பாகம் செய்யும் தொழிற்சாலைக்கு இன்ஜினியராகப் போன பையன். இரண்டு வருடம் ஒழுங்காக வேலை பார்த்தான். பிறகு லீவு போட்டுப் பத்து நாள் தியானம் பழகப் போகிறேன் என்றான். அந்தப் பத்து நாள் இன்னும் முடியவில்லை.

தங்கை ஈஸ்வரிக்கு அவன் ஒரே பிள்ளை. மச்சான் காலமாகி எட்டு வருடம் ஆகிறது. கம்பத்தில் ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தலை அவள் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறாள். "தாய்மாமன் சொன்னாக் கேப்பான், போயிட்டு வாங்கண்ணே" என்று என்னை அனுப்பிவைத்தாள். நானும் முப்பது வருடம் உரக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதியாக, இந்தப் பள்ளத்தாக்கில் பேசிப் பேசியே மூட்டை தள்ளிவிட்டவன். ஒரு பையனைப் பேசிக் கூட்டிவர முடியாதா என்ற தெனாவட்டில் போனேன்.

மூன்று நாள் பேசினேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். மொட்டைத் தலையாவது பரவாயில்லை. அந்த நாட்டுப் பிக்குகள் புருவத்தையும் சேர்த்து மழித்துவிடுகிறார்கள். புருவம் இல்லாத முகத்தில் கோபமா, சிரிப்பா, ஒன்றும் பிடிபடாது. விவசாயியின் புருவத்தைப் பார்த்து விலையைக் கூட்டிக் குறைத்துப் பழகிய எனக்கு இது பெரிய கஷ்டம். கடைசியில் கிளம்பும்போது, எல்லாரிடமும் சொல்வதுபோல, "சரி, ஒரு எட்டு ஊருக்காவது வந்துட்டுப் போ" என்றேன். அதற்கும் அவன் வாயைத் திறக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்து ஈஸ்வரியிடம் போட்டோவைக் காட்டினேன். மொட்டையைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. "புருவத்தக்கூடவா எடுப்பாக?" என்று மட்டும் கேட்டாள்.

இந்தக் கார்த்திகை பிறந்ததும் வழக்கம்போல ஐயப்பனுக்கு மாலை போட்டேன். எனக்குப் பதினோராவது வருடம். விரதம் என்பது எங்கள் வீட்டில் இப்படி நடக்கும். கருப்பு வேட்டி கட்டிக்கொண்டு நான் இரண்டு வேளை குளிப்பேன். என் மனைவி விடிவதற்கு முன்பே எழுந்து, குளித்து, தனிப் பாத்திரத்தில் சமைத்து, அதைத் தனியாகக் கழுவி வைப்பாள். எனக்குக் கறி கிடையாது, சவரம் கிடையாது, தலையணை கிடையாது. செல்போனைப் பற்றி ஐயப்பன் ஒன்றும் சொல்லாததால் அது உண்டு. தாடி அரிக்க ஆரம்பித்திருந்த நேரத்தில், மடத்துக்கு வேண்டிய ஒருவர் போனில் கூப்பிட்டார். சரவணன் அம்மாவைப் பார்க்க ஆறு நாள் வருகிறானாம். பிக்கு காசைத் தொடக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, பெண்களோடு தனியாகப் போகக் கூடாது, ஆகவே கூடவே ஓர் ஆள் வேண்டும் என்றார். மாமன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்?

முதல் நாள் மதுரை விமான நிலையத்தில், பலாக்கட்டைச் சாயம் ஏற்றிய பழுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, தோளில் பிச்சைப் பாத்திரம் தொங்க அவன் வெளியே வந்தான். நான் முகத்தைப் பார்த்தேன். தலையில் கருகருவென்று அரை விரல் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக முடி. கண்ணுக்கு மேலே, மச்சானுக்கு இருந்த அதே அடர்த்தியான புருவம். கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஈஸ்வரியைக் கூப்பிட்டேன். "முடி விட்டிருக்கான் தாயி, புருவமும் வந்துருச்சு" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம். உரம் விற்றவன் புத்தி, ஆர்டர் உறுதியாகும் முன்பே லோடு ஏற்றிவிட்டேன்.

நான் ஓட்டிவந்த வேனில் ஏறியதும், திடீரென்று எப்படி வந்தான் என்று விசாரித்தேன். "நீங்கதான கூப்பிட்டீக மாமா" என்றான். நீதான் பதிலே சொல்லவில்லையே என்றேன். அவர்கள் வழக்கத்தில், ஒருவர் அழைக்கும்போது பேசாமல் இருந்தால் சம்மதம் என்று பொருளாம். முடியாது என்றால்தான் வாயைத் திறப்பார்களாம். எங்கள் பள்ளத்தாக்கில் ஒருவர் பேசாமல் இருந்தால் கோபமாக இருக்கிறார் என்று பொருள். "ஊருக்கு வந்துட்டுப் போங்க" என்பதை நாங்கள் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரிடம்கூடச் சொல்வோம். அத்தனை பேரும் இவனைப் போல வந்து நின்றால் நான் வீட்டை விட்டு ஓட வேண்டியதுதான்.

ஆண்டிபட்டிக் கணவாயில் காற்று வேனைத் தள்ளியது. ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். மத்தியானம் தாண்டிவிட்டதால் அவனுக்குப் பால் ஆகாது, வடை ஆகாது. பால் இல்லாத டீயில் சர்க்கரை போட்டுக் குடிக்கலாம். கடையில் மாலை போட்ட ஆறு சாமிகள் இருந்தார்கள். அதில் பெரியவர் ஒருவர், சாமிக்கு எத்தனாவது வருடம் என்று சரவணனிடம் கேட்டார். மூன்று என்றான். ஒரு வேளைச் சாப்பாடு, வெறுந்தரைப் படுக்கை, காசு தொடுவதில்லை என்பதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டு, எப்போது கழற்றுவீர்கள் என்றார். கழற்றுவதாக இல்லை என்றான் இவன். நாற்பத்தெட்டு நாளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்த ஆறு பேரும் எழுந்து அவன் காலில் விழுந்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். என் கையில் இரண்டாவது மசால்வடை இருந்தது.

அன்று பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டில் தங்கினோம். அவனை எப்படிக் கூப்பிடுவது என்பது பெரிய பிரச்சினையாகிவிட்டது. அங்கே வைத்த பாலிப் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. 'டா' போடலாமா என்று எனக்குக் குழப்பம். என் மனைவி சாமர்த்தியமாக, பெயரே சொல்லாமல் சுவரைப் பார்த்துப் பேசி ஒப்பேற்றினாள்.

மறுநாள் காலையில் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினான். பிச்சைக்கு. இது எங்கள் வீட்டில் கௌரவப் பிரச்சினை ஆனது. மாமன் வீட்டில் சோறு இல்லையா என்று நாலு பேர் கேட்பார்களே என்று நானும் பின்னாலேயே போனேன். அவன் எதுவும் கேட்பதில்லை. ஒவ்வொரு வாசலிலும் குனிந்த தலையோடு கொஞ்ச நேரம் நிற்பான், பிறகு நகர்வான். ஒரு வீட்டில் பத்து ரூபாய் போட வந்தார்கள். பாத்திரத்தை மூடிக்கொண்டான். இன்னொரு வீட்டில் எந்தக் கோயிலுக்கு வசூல், ரசீது உண்டா என்று கேட்டார்கள். மூன்றாவது வீட்டம்மா, பாவம், நல்ல மனசு. நான்கு இட்லியை வைத்து, அதன் மேல் முந்தின நாள் கோழிக் குழம்பை ஊற்றிவிட்டார்.

அவன் வீட்டுக்கு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதை அமைதியாகச் சாப்பிட்டான். எதிரில் மாலை போட்ட நான் கத்தரிக்காய் சாம்பாரோடு உட்கார்ந்திருந்தேன். துறவிக்குக் கறி ஆகுமா என்று பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"போட்டதத் திங்கணும் மாமா. இது வேணும், அது வேணாம்னா அது ஓட்டலு. எனக்குன்னே அடிச்சதா இருந்தா மட்டும் ஆகாது."

குழம்பின் வாசனை வீடு முழுக்கப் பரவியது. உலகத்தைத் துறந்தவன் கோழிக் காலைக் கடிக்க, வீடு வாசல், மனைவி, பென்ஷன் என்று எதையும் துறக்காத நான் அப்பளத்தை நொறுக்கினேன். அன்று ஐயப்பனிடம் சில கேள்விகள் கேட்டேன்.

மூன்றாம் நாள் கம்பத்துக்குப் புறப்பட்டோம். அதிகபட்சம் ஒன்றரை மணி நேரப் பயணம். அவன் பன்னிரண்டு மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும், தவறினால் மறுநாள்தான். ஈஸ்வரி விடியற்காலையிலிருந்தே சமைக்கிறாள் என்று தெரியும். அதனால் ஒன்பதுக்கே கிளம்பினேன். சின்னமனூர் தாண்டியதும் மழை பிடித்தது. உத்தமபாளையம் நெருங்கும்போது வேன் இருமி, முனகி, நின்றது. இறங்கித் தள்ளினோம். ஈர மண்ணில் அவன் வழுக்கி விழுந்து, வலது கையை ஊன்றினான். மணிக்கட்டு அப்போதே வீங்க ஆரம்பித்தது.

பக்கத்தில் ஒரு மெக்கானிக் பாய் இருந்தார். வேனின் வாயைத் திறந்து பார்த்தபடியே சரவணனைப் பற்றி விசாரித்தார். தலை மழிப்பதைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. ஹஜ்ஜுக்குப் போனபோது, கடமை முடியும்வரை ஒரு முடிகூட வெட்டக் கூடாது என்று இருந்து, முடிந்ததும் அவரும் மொட்டை போட்டுக்கொண்டாராம். சாப்பாட்டு விதியைக் கேட்டதும்தான் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"எங்களுக்கு நோன்புல பொழுது சாயிற வரைக்கும் திங்கக் கூடாது. இவுகளுக்கு மத்தியானத்துக்கு மேல கூடாது. ரெண்டையும் ஒருத்தன் சேத்துப் பிடிச்சான்னு வையிங்க, வீட்ல அடுப்பே வாங்க வேணாம்" என்றார்.

ஒரு மணி நேரம் ஆகும், கையைக் கட்டிக்கொண்டு வாருங்கள் என்று எதிரே இருந்த கன்னியாஸ்திரீகளின் சின்ன மருந்தகத்தைக் காட்டினார். அங்கே வயதான சிஸ்டர் ஒருவர் இருந்தார். பெண் கை படக் கூடாது என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் துளிகூட வருத்தப்படவில்லை. துணிச்சுருளை என்னிடம் நீட்டி, இப்படிச் சுற்று, அப்படி இழு என்று தள்ளி நின்று சொல்லிக் கொடுத்தார். நான் கட்டக் கட்ட அவர்கள் இருவரும் பேசிக்கொண்டார்கள். உங்களுக்கு வீட்டுக்குப் போக எத்தனை வருடத்துக்கு ஒரு தடவை விடுவார்கள், எத்தனை மணிக்கு எழுப்புவார்கள், கஞ்சி எப்படி இருக்கும் என்றெல்லாம். லீவில் வந்த இரண்டு மிலிட்டரிக்காரர்கள் ரயிலில் சந்தித்துக்கொண்டது போல இருந்தது.

பேச்சு முடிக்கு வந்தது. சிஸ்டர் தன் முக்காட்டைத் தொட்டுக் காட்டினார்.

"எனக்கு இருவது வயசுல வெட்டுனாக. இடுப்பு வரைக்கும் சடை. எங்கம்மா அதத் துணியில சுத்திப் பொட்டிக்குள்ள வச்சுக்கிட்டாக. சாகுற வரைக்கும் வருசத்துக்கொருக்கா எடுத்து எண்ணெய் தடவுவாகளாம்."

"எங்களுக்கு மாசத்துக்கொருக்கா சிஸ்டர். பௌர்ணமிக்கு முந்தின நாள், தலையும் புருவமும்" என்றான் சரவணன்.

என் கை நின்றுவிட்டது. இன்னும் மூன்று நாளில் கார்த்திகை தீபம், பௌர்ணமி. அப்படியானால் மழிப்பது நாளை மறுநாள். அவன் முடி விடவில்லை. மழித்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது, அவ்வளவுதான். வாரக் கணக்காகச் சவரம் செய்யாமல் நானே தாடியோடு திரிகிறேன், அதற்காக நான் துறவி ஆகிவிட்டேனா? முடியை வைத்து மனதை எடைபோட்டு, அதைப் போனில் வேறு சொல்லித் தொலைத்திருக்கிறேன்.

ஈஸ்வரி முகத்தில் விழிப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று தோன்றியது. அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு. வண்டி தயாராக இன்னும் நேரம் இருக்கிறது, சமணர் பாறையைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று ஆட்டோ பிடித்தேன். உத்தமபாளையத்து ஓரத்தில் ஒரு பெரிய பாறை. அதன் முகத்தில் நின்றும் உட்கார்ந்தும் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். அடியில் கருப்பசாமி. எங்கள் பக்கத்துக் கருப்பசாமிகளுக்குக் கிடா என்றால் உயிர். மேலே இருப்பவர்களோ எறும்பு மிதிபடும் என்று தரையைப் பார்த்து நடந்தவர்கள். ஆயிரம் வருடத்துக்கு மேல் ஒரே காம்பவுண்டில் சண்டை இல்லாமல் குடியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய்க்கு நடக்கும் சண்டையை நினைத்துக்கொண்டேன்.

"இவுக வழியில கத்தியே கெடையாது மாமா" என்றான் சரவணன். "கையாலயே ஒவ்வொண்ணாப் பிடுங்கிருவாக."

என் கை தானாகத் தாடிக்குப் போனது. அப்போது பார்த்த கைக்கடிகாரத்தில் மணி பதினொன்றே முக்கால்.

திரும்பி ஓடிவந்து, பாய் கடைசி நட்டை முறுக்கும்வரை தவித்து, கம்பம் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை. ஈஸ்வரி வாசலில் நின்றாள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவன் நெற்றிக்குக் கீழேயே பார்த்துக்கொண்டு நின்றாள். தொடக் கூடாது என்று நான் சொல்லி வைத்திருந்ததால் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே ஒன்பது வகைக் கறிகாய், மூடி போட்ட சட்டிகளில் வரிசையாக இருந்தன. மணி தாண்டிவிட்டது, இன்று ஆகாது என்று நான்தான் சொன்னேன். அவள் ஒரு மூடியையும் திறக்கவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. அன்று அவளும் சாப்பிடவில்லை. நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டேன். குற்ற உணர்ச்சி இருந்தது, ஆனாலும் இரண்டாம் தடவை மோர்க்குழம்பு ஊற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் அவள் என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். சரவணனின் பழைய மோட்டார் சைக்கிள் துடைத்துப் பளபளவென்று நின்றது. என் போன் வந்த அன்றே மெக்கானிக்கை வரவழைத்து ஓட வைத்துவிட்டாளாம். "புருவம் அவுக அப்பா புருவம் மாதிரியே மொளைச்சிருக்குண்ணே" என்றாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. டயரை அமுக்கிப் பார்த்து, காற்று சரியாக இருக்கிறது என்று சொன்னேன்.

நான்காம் நாள் அவள் அசரவில்லை. பத்து மணிக்கே எல்லாம் தயார். அவன் ஒரு துண்டுத் துணியை முன்னால் விரித்தான். பெண்கள் கொடுப்பதை அந்தத் துணியில் வைக்க வேண்டும், அவன் அதிலிருந்து எடுத்துக்கொள்வான். ஊட்டிவிட்ட பிள்ளைக்கு இப்படியா என்று எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. முதலில் நாட்டுக்கோழிக் குழம்பு வந்தது. பழனிசெட்டிபட்டியில் நடந்ததை நான் உளறியிருந்ததன் பலன்.

"இது எனக்காக அடிச்சதாம்மா?"

"பின்ன, எதுத்த வீட்டுக்காரனுக்கா அடிப்பேன்?"

"அப்ப எனக்கு ஆகாதும்மா."

கோழி, பந்தலில் வேலை செய்தவர்களுக்குப் போனது. அவர்கள் பௌத்தத்தை மனதார வாழ்த்தியிருப்பார்கள். மற்றது எல்லாம் ஒரே பாத்திரத்துக்குள் விழுந்தது. ரசத்தின் மேல் கூட்டு, கூட்டின் மேல் பாயசம். ஈஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, அன்று காலையில் அறுத்த பன்னீர் திராட்சைக் கொத்து ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். அதிலும் ஒரு விதி இருந்தது. முளைக்கக்கூடிய விதை உள்ள பழத்தைப் பிக்கு அப்படியே சாப்பிடக் கூடாது. 'ஆகுமா' என்று அவன் கேட்க வேண்டும், கொடுப்பவர் ஒரு பழத்தை நகத்தால் கீறி 'ஆகும்' என்று சொல்ல வேண்டும். அவன் விளக்கிவிட்டு, முறைப்படி, "இது ஆகுமா?" என்று கேட்டான்.

"ஏலே, எந்தோட்டத்துப் பழத்தையா ஆகுமான்னு கேக்குற?" என்றாள். முப்பது வருடமாகக் கேரள வியாபாரிகள் வந்து வாயில் போட்டுப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகும் பழம். அவன் பேசாமல் காத்திருந்தான். அவளுக்கும் புரிந்தது. ஒரு பழத்தை நகத்தால் கீறினாள். "ஆகும்" என்றாள். அவன் ஒவ்வொன்றாக, கொட்டையைத் துப்பி, கொத்து முழுவதையும் சாப்பிட்டு முடித்தான். அவன் வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

ஐந்தாம் நாள் காலை, நான் பயந்துகொண்டிருந்தது வந்தது. கிணற்றடியில் அவன் என்னிடம் ஒரு சவரக் கத்தியை நீட்டினான். மடத்தில் ஒருவருக்கொருவர் மழித்துக்கொள்வார்களாம். இங்கே அவனே செய்துகொள்ளலாம் என்று நினைத்திருந்தானாம். மணிக்கட்டு திரும்பவில்லை. "நீங்கதான் மாமா" என்றான்.

மாலை போட்டவன் சவரக் கத்தியைத் தொடலாமா என்று எங்கள் குருசாமிக்குப் போன் போட்டேன். பதினெட்டு வருடம் மலைக்குப் போனவர், எந்தச் சந்தேகத்துக்கும் பதில் வைத்திருப்பவர். நான் எனக்குச் செய்துகொள்ளக் கூடாது, அது தெரியும். மாலை போட்டவன் ஒரு புத்த பிக்குவுக்குச் செய்யலாமா என்பது அவருக்கும் புதிதாக இருந்தது. வெகுநேரம் யோசித்துவிட்டு, சாமி சரணம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

திராட்சைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, பந்தலுக்கு அடியில் அவன் உட்கார்ந்தான். நான் பின்னால் நின்றேன். அந்த உச்சந்தலையைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. ஒரு வயதில் வருசநாட்டுப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் இவனுக்கு முதல் மொட்டை போட்டபோது, தாய்மாமன் என்று என் மடியில்தான் உட்கார்த்தி வைத்தார்கள். அழுத அழுகையில் என் புது வேட்டியை நனைத்துவிட்டான். அன்று கத்தி வேறொருவர் கையில் இருந்தது. இவனைத் திரும்பக் கூட்டிவரக் கடல் தாண்டிப் போன அதே தாய்மாமன் கையில் இன்று கத்தி. எனக்குக் கத்தி பிடித்துப் பழக்கமில்லை. இரண்டு இடத்தில் கீறிவிட்டேன். அவன் அசையவில்லை.

தலை முடிந்து நிமிர்ந்தபோது, ஈஸ்வரி சொம்புத் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. நான் கத்தியைக் கீழே இறக்கினேன்.

"எனக்குத் தெரியும்ணே" என்றாள். "மழையில நனஞ்ச பையக் காயப்போட்டப்பவே கத்தியப் பாத்துட்டேன். ரெண்டு நாளாச்சும் இருந்துட்டுப் போகட்டும்னுதான் பேசாம இருந்தேன்."

நான் இரண்டு நாளாக அவளுக்காகப் பேசாமல் இருந்தேன். அவள் இரண்டு நாளாக எனக்காகவும் சேர்த்துப் பேசாமல் இருந்திருக்கிறாள். அவனுடைய புருவத்தின் மேல் கத்தியை வைக்க எனக்கு மனசு வரவில்லை. அவள் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"அதையும் எடுத்துருங்கண்ணே. அரைகுறையா விட்டுராதீக."

எடுத்தேன். மச்சானின் முகம் மறைந்து, தாய்லாந்தில் பார்த்த முகம் திரும்ப வந்தது. ஆனால் இந்தத் தடவை அந்த முகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அவன் கண் கலங்கியிருந்தது.

ஈஸ்வரி உள்ளே போய், மொட்டை போட்ட பிள்ளைக்கு அரைப்பது போலச் சந்தனம் அரைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். வாசனைப் பூச்சு அவர்களுக்குக் கூடாது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். கிண்ணத்தைத் துணியில் வைத்துவிட்டு, அவளே முந்திக்கொண்டு கேட்டாள்.

"இது ஆகுமா?"

அவன் என்னைப் பார்த்தான். தலையில் நான் கீறிய இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"காயத்துக்கு மருந்துன்னா ஆகும்மா."

அவள் தொட முடியாது. நான்தான் எடுத்து, இரண்டு கீறலிலும் பூசினேன். இரண்டு சின்னப் பொட்டு அளவுதான் வந்தது. கிண்ணம் நிறையச் சந்தனம் மிச்சம் இருந்தது. அவள் அதையும் அவன் தலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னும் நாலு எடத்துல கீறியிருக்கலாம்லண்ணே" என்றாள்.

ஆறாம் நாள் தீபம். கம்பத்தில் வீட்டுக்கு வீடு அகல் கழுவிக் காய வைத்திருந்தார்கள். சாயங்காலம் விளக்கேற்றும்போது அவன் விமானத்தில் இருப்பான். வேனில் அவனை ஏற்றிவிட்டு நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். ஈஸ்வரி பொரி உருண்டைப் பொட்டலத்தை என் பக்கத்து ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். பிறகு, ஆறு நாளாக எப்படிக் கூப்பிடுவது என்று நாங்கள் எல்லாரும் திண்டாடியதை அவள் ஒரே வாக்கியத்தில் தீர்த்தாள்.

"அடுத்த வருசத் தீபத்துக்கு நீங்க வரணும் சாமி."

அவன் பதில் சொல்லவில்லை. அவள் முகம் வாடிவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பப் போனாள். நான் அவளை நிறுத்தி, அவர்கள் வழக்கத்தில் பேசாமல் இருந்தால் சம்மதம், முடியாது என்றால்தான் வாய் திறப்பார்கள் என்று விவரம் சொன்னேன். போன வருடம் எனக்கும் இப்படித்தான் வாயைத் திறக்கவில்லை, இந்தா வந்து நிற்கிறானே என்றேன்.

அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து, ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தாள்.

"அதுக்கடுத்த தீபத்துக்கும்" என்றாள்.

அவன் அதற்கும் பேசவில்லை. நான் வேனை எடுத்தேன்.